தரைக்குப் பயந்தவர்

ஒரு பெண் செய்யாத தவறை அவர் செய்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். யாரும் என் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. வணிகவியலில் முதுகலை படித்தவன், எதையும் தெளிவாக எழுதக் கூடியவன் என்பதால்தான் சாத்தாங்காட்டுப் பக்கம் இருந்த அந்த எண்ணெய்க் கிடங்கில் எனக்கு மேலாளர் வேலை கிடைத்தது. அதே தெளிவோடுதான் அந்த நான்கு வரிகளையும் எழுதினேன். இப்போது எனக்கு எழுபத்து நான்கு வயது. எழுதி ஏறக்குறைய பதினைந்து வருடம் ஆகிறது.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை நான் ஒருமுறை ஒரு பதிவேட்டில் எழுதியதே போதும். கிடங்கில் எல்லோருக்கும் அவர் அக்கா. லோடுமேன்கள் மட்டும் கேலியாக டாக்டர் என்பார்கள். நான் ‘ஏம்மா’ என்று கூப்பிட்டு, நீ, வா, போ என்று பேசினேன். இப்போது அவர் என்று எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

துறைமுகத்திலிருந்து டேங்கர் லாரிகளில் பாமாயில் வரும். அதைத் தகர டின்களிலும் பாக்கெட்டுகளிலும் அடைத்து வெளியூர்களுக்கு அனுப்புவோம். எங்கே தொட்டாலும் எண்ணெய். சுவரைத் தொட்டால் விரல் வழுக்கும். அப்படிப்பட்ட இடத்தில் தரை துடைக்கும் வேலை அவருக்கு. எட்டு மணி ஷிப்டுக்கு ஏழரைக்கே வந்துவிடுவார். செருப்பைக் கேட் ஓரமாகக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு கிடங்கின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடப்பார். நடப்பது என்று சொல்ல முடியாது. வலது கால் கட்டைவிரலை முன்னால் நீட்டித் தரையை மெல்லத் தேய்த்துப் பார்ப்பார்; பிறகுதான் முழுப் பாதத்தையும் வைப்பார். நெற்றி சுருங்கியிருக்கும். உதடு ஏதோ முணுமுணுக்கும்.

“இன்னா டாக்டரே, தரைக்கு ஜுரமா?” என்பான் லோடுமேன்களில் ஒருவன். நல்ல உயரம், எப்போதும் சிரித்த முகம். வியாசர்பாடியில் அவர் இருந்த குடிசைமாற்று வாரியக் குடியிருப்பிலேயே, அதே பிளாக்கில், ஒரு மாடி மேலே இருந்தான்.

“உனுக்குத்தான் ஜுரம் வரும், பாரு. மூணாவது தூணாண்ட போவாத. ராத்திரி டின்னு ஒழுகிக்கீது.”

“ஒன்னியும் தெரியலயே எனுக்கு?”

“கண்ணுக்குத் தெரிஞ்சா நா ஏன்டா காலால பாக்குறேன்?”

அவர் சொன்ன இடத்தில் குனிந்து தடவினால் மெல்லிய படலமாக எண்ணெய் இருக்கும். ஒருமுறைகூட அவர் தவறியதில்லை. மார்கழிக் காலையில் பாமாயில் லேசாக உறைந்து தரை நிறத்திலேயே கிடக்கும். அந்த மாதம் முழுவதும் அவர் சரியாகச் சாப்பிடக்கூட மாட்டார். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு கண்ணால் தரையை மேய்ந்துகொண்டிருப்பார்.

அவர் வேலை செய்த விதம் எனக்கு அப்போது வேடிக்கையாகவும் எரிச்சலாகவும் இருந்தது. தரையை ஒரேயடியாகத் துடைக்க மாட்டார். நீளவாக்கில் ஒரு பாதியைத் துடைப்பார். அது காய்ந்த பிறகுதான் மறுபாதி. எந்த நேரமும் ஆள் நடக்க ஒரு காய்ந்த வழி இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. ஈரமான பக்கத்தில் காலி பாக்கெட் கூடைகளைக் கவிழ்த்து வரிசையாக வைத்து மறிப்பார். எண்ணெய் சிந்திய இடத்தில் தண்ணீர் ஊற்ற யாரையும் விடமாட்டார். முதலில் மரத்தூள். அது எண்ணெயைக் குடித்த பிறகு வாரிவிட்டு, அப்புறம் சோப்புத்தண்ணீர், அப்புறம் வெறும் தண்ணீர், அப்புறம் காய்ந்த துணி. மரக்கடைகளில் சொல்லி வைத்து மரத்தூள் மூட்டை வாங்கி வருவார். மழை நாளில் வாசலில் சாக்கு போட்டால் உடனே உருவி எறிவார்.

“சாக்கு இருந்தா நல்லதுதானேம்மா, கால் துடைச்சுக்கலாம்” என்று ஒருநாள் சொன்னேன்.

“நனையாத வரிக்கும் நல்லது சார். நனைஞ்சா அதுவே ஆளத் தூக்கிக்கினு போவும்.”

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று அவராகச் சொன்னது ஒரே ஒரு தடவை. டீ நேரத்தில் யாரோ பட்டாணிச் சுண்டல் பொட்டலம் கொண்டுவந்து எல்லோருக்கும் நீட்டினார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“பட்டாணி நா துன்றதில்ல.”

“ஏன்க்கா, வாயுவா?”

“எங்க வூட்டுக்காரரு ஹார்பர்ல மூட்டை தூக்கினு இருந்தாரு. கப்பல் அடித்தட்டுல பட்டாணி சிந்திக் கெடந்துச்சாம். ஈரம் இல்ல, எண்ண இல்ல. காஞ்ச பட்டாணி. மேல கால் வெச்சாரு, அவ்ளோதான். மண்டை பின்னாடி போயி இரும்புல பட்டுச்சு. வூட்டுக்குத் தூக்கினு வர சொல்லோ காதுல சொட்டு ரத்தம், வேற ஒரு காயம் இல்ல. தூங்குற மாதிரியே இருந்தாரு.”

சுண்டல் நீட்டியவர் கையை இழுத்துக்கொண்டார். அக்கா எழுந்து கிளாஸைக் கழுவப் போனார். போகும்போதும் அந்தக் கட்டைவிரல் முன்னால் போனது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு தொந்தரவு ஆரம்பித்தது. நானும் கீழே பார்த்து நடக்கத் தொடங்கினேன். பதினோரு வருடம் நிமிர்ந்து நடந்த கிடங்கில், படி இறங்கும்போது கைப்பிடியைத் தேடினேன். வீட்டுக் குளியலறையில் காலை வைக்குமுன் ஒரு நொடி நின்றேன். அவரைப் பார்த்தாலே என் உள்ளங்கால் கூசும். பயத்தை அவர் எனக்கும் ஒட்டவைத்துவிட்டார் என்று கோபம் வந்தது. அவர் சொன்னதெல்லாம் உண்மையாக இருந்ததுதான் கோபத்தைக் கூட்டியது.

முதலாளி தெற்கத்திக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. கெட்டவர் இல்லை. ஒருமுறை வெளியூர் வியாபாரிகள் இரண்டு பேரோடு கிடங்கைச் சுற்றிக் காட்ட வந்தார். தோல் அடிபோட்ட பளபளப்பான செருப்பு. அவர் நேராகக் கூடை வரிசையைத் தாண்டக் கால் தூக்கினார். அக்கா ஓடிவந்து குறுக்கே துடைப்பத்தை நீட்டிவிட்டார்.

“அண்ணாச்சி, அப்பிடிக்கா வாங்க. இங்க வேணாம்.”

வியாபாரிகள் சிரித்தார்கள். அண்ணாச்சியும் சிரித்தார். அவர்கள் போன பிறகு என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“மேனேஜரே, அந்தப் பொம்பள என்ன, வாறவங்கள எல்லாம் பயமுறுத்திக்கிட்டு நிக்கிது? வாசல்ல துடைப்பத்த நீட்டுனா யாவாரம் விளங்குமா? கொஞ்சம் பாத்துக்கிடும்.”

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அப்போது எனக்கு ஐம்பத்தொன்பது வயது. அறுபதுக்கு மேலும் வைத்துக்கொள்வதாக அண்ணாச்சி சொல்லியிருந்தார். என் பயம் அந்த வாக்கைச் சுற்றித்தான் இருந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜையன்று மாலை லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. கிடங்கைக் கழுவி, டின் சீல் வைக்கும் இயந்திரங்களுக்குப் பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, லாரிக்கு மாலை போட்டாயிற்று. கிடங்கின் முன்னால் லோடு ஏற்றும் மேடையிலிருந்து லாரி நிற்கும் இடத்துக்கு இறங்கும் சிமெண்டுச் சரிவு ஒன்று உண்டு. அண்ணாச்சியின் வழக்கப்படி, அந்தச் சரிவின் தலைப்பில்தான் திருஷ்டிப் பூசணியைச் சுற்றி உடைப்பார்கள். உடைத்த பூசணியை முதல் லோடு வெளியே போகும்வரை யாரும் தொடக்கூடாது. தொட்டால் கழித்த திருஷ்டி தொட்டவர் கையோடு உள்ளே திரும்பிவிடும் என்பது அவர் நம்பிக்கை. முன்வருடங்களில் அண்ணாச்சி உடைத்துவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிடுவார். அவர் கார் திரும்பியதும் அக்கா வாரிவிடுவார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். அந்த வருடம் அண்ணாச்சி கிளம்பவில்லை. லாரி ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

பூசணி உடைந்தது. வெள்ளைச் சதையும் விதையும் குங்குமத் தண்ணீரும் சரிவில் வழிந்தன. வெளியே சரவெடி கொளுத்தினார்கள். அந்தச் சத்தத்தில் அக்கா என் காதருகே வந்தார். ஒரு கையில் முறம், மறுகையில் மரத்தூள் பக்கெட்.

“சார், எடுத்துடுறேன். ஒரே நிமிஷம்.”

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னைக்கு வேண்டாம்மா. இருக்கட்டும்.”

“அப்ப ஓரமா தூளாவது போடுறேன் சார். மழைத்தண்ணி வேற சேந்துக்கினு கீது. லோடு இறங்குற வழி சார்.”

“நல்ல நாள்ல மரத்தூளைக் கொண்டாந்து கொட்டுவியா? போம்மா. உள்ள பொரி கட்டுறாங்க பாரு, போய்க் கூட நில்லு.”

“சார், என் பேச்சக் கேளுங்க சார். பூசணி எண்ணெய விட மோசம்.”

“போன்னு சொன்னேன்ல.”

இதுதான் நடந்தது. ஒரு வார்த்தை கூட்டவோ குறைக்கவோ இல்லை. கேட்டவர்கள் யாரும் இல்லை. எல்லோரும் வெடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் உள்ளே போகவில்லை. பக்கெட்டோடு தூண் ஓரமாக நின்றார். முதல் லோடு என்று சம்பிரதாயமாக ஐந்து டின் ஏற்ற வேண்டும். அந்த உயரமான லோடுமேன் தோளில் டின்னோடு, நெற்றி நிறைய விபூதியோடு வந்தான்.

“டேய், அப்பிடி வராதடா. சுத்திக்கினு வா.”

“இன்னிக்கும் வைத்தியமா டாக்டரே? லீவு எடு, லீவு.”

அவன் சிரித்துக்கொண்டேதான் கால் வைத்தான். கால் முன்னால் போனது. உடம்பு பின்னால் வந்தது. சரிவின் விளிம்பில் இடுப்பு விழுந்த சத்தத்தை நான் கேட்டேன். மட்டையடி மாதிரி ஒரு சத்தம். டின் அவனுக்கு மேலே தெறித்து மேடையில் மோதிப் பிளந்தது. பதினைந்து கிலோ எண்ணெய் அவனைச் சுற்றிப் பரவியது. தூக்கப் போன இரண்டு பேர் வழுக்கி அவன்மேலேயே விழுந்தார்கள். மூன்றாவது ஆள் மண்டியிட்டுத் தவழ்ந்தான். நான் மேடையில் நின்றேன். ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. கால் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டன.

அவர்தான் போனார். பக்கெட்டிலிருந்து கை கையாக மரத்தூளை முன்னால் வீசி, வீசிய இடத்தில் கால் வைத்து, மறுபடி வீசி, அவசரமே இல்லாதவர் போல நடந்து போனார். அவன் தலைக்கு அருகே உட்கார்ந்து இரண்டு காதோரமும் கையை வைத்து அசையாமல் பிடித்துக்கொண்டார்.

“யாரும் தூக்காத! முதுகு போயிடும்! பலகை எடுத்தாங்கடா! நைனா, என்னியப் பாரு. கண்ண மூடாத. என் மூஞ்சியப் பாரு.”

உயிர் பிழைத்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை.

விபத்துக்குக் காரணம் எழுத வேண்டியிருந்தது. தொழிற்சாலை ஆய்வாளருக்கு ஒரு நகல் போக வேண்டும். அண்ணாச்சி என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். என்ன எழுத வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. “பாத்து எழுதும், மேனேஜரே” என்று மட்டும் சொன்னார். நான் பார்த்துத்தான் எழுதினேன். ‘தரையைத் தூய்மையாக வைக்கும் பொறுப்பில் இருந்த ஊழியர், வழியில் கிடந்த கழிவை உரிய நேரத்தில் அகற்றத் தவறியதே விபத்துக்குக் காரணம்.’ கீழே அவர் பெயர். அதற்குக் கீழே என் கையெழுத்து.

மறுநாள் அவரை வேலையிலிருந்து நிறுத்தினோம். அவர் என் அறை வாசலில் வந்து நின்றார்.

“சார், நா கேட்டனே சார்.”

நான் தலையை நிமிர்த்தவில்லை. சத்தம் போடுவார், அழுவார், நாலு பேரைக் கூட்டுவார் என்று பயந்து பேனாவை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு வெறுங்காலின் ஓசை தூரம் போனது.

அறுபதுக்குப் பிறகும் நான்கு வருடம் என்னை வைத்துக்கொண்டார்கள்.

சென்ற வருடம் திருவொற்றியூரில் ஒரு பெரிய ஜவுளிக் கடைக்குப் பேத்தியோடு போனேன். கண்ணாடி போலக் கிரானைட் தரை. அப்போதுதான் துடைத்திருந்தார்கள், விளக்குகள் எல்லாம் தரையில் தெரிந்தன. பேத்தி முன்னால் போய்விட்டாள். நான் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. வேர்த்துக் கொட்டியது. காவலாளி வந்து, “இன்னா பெர்சு, மயக்கமா?” என்று கையைப் பிடித்தார். இல்லை என்றேன். அடுத்த வாரம் அக்காவைத் தேடி வியாசர்பாடிக்குப் போனேன்.

அவர் வாசலில் உட்கார்ந்து ஓட்டல்களுக்குப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். வேலை போன பிறகு எந்தக் கம்பெனியிலும் அவரைத் தரை வேலைக்கு எடுக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. முடி நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். ஆனால் எழுந்திருக்கவில்லை.

“நான் தப்புப் பண்ணிட்டேம்மா. நீங்க கேட்டீங்க. நான்தான் எடுக்க வேண்டாம்னு சொன்னேன். நான் எழுதினது பொய்.”

“எனுக்குத் தெரியாததா சார் இது?”

“மன்னிச்சிடுங்கன்னு கேட்க…”

“என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? மேல் மாடில கீறான் அவன். அவன் பொண்டாட்டி பதினஞ்சு வருஷமா என் மூஞ்சில முழிக்கிறதில்ல. தண்ணி லாரி வந்தா என் கொடத்த காலால தள்ளி வுடுவா. என் பொண்ணு கல்யாணத்துக்கு இந்த பிளாக்குல ஒரு ஜனம் வரல. அங்க போய்ச் சொல்லுங்க. எழுதினீங்களே, அந்த எடத்துல போய் அத்த கோடு போட்டு அடிங்க.”

கம்பெனிக்கும் ஆய்வாளர் அலுவலகத்துக்கும் அன்றே கடிதம் எழுதினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை தண்ணீர் லாரி வரும் நேரத்துக்கு மறுபடி போனேன். குடங்களோடு நாற்பது பெண்களாவது இருப்பார்கள். லோடுமேனின் மனைவியும் நின்றிருந்தாள், வரிசைக் கடைசியில் அக்காவும். கடிதத்தின் நகலை எடுத்து வாசித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “சத்தமா படி பெர்சு” என்றது ஒரு குரல். மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

லோடுமேனின் மனைவி குடத்தைக் கீழே வைத்தாள்.

“அப்போ நா இத்தினி வருஷமா யாரத் திட்டிக்கினு இருந்தேன்?” என்று கேட்டாள். என்னைக் கேட்டாளா, அக்காவைக் கேட்டாளா தெரியவில்லை. லாரி வந்தது. யாரோ அக்காவின் குடத்தை எடுத்து வரிசையில் முதலாவதாக வைத்தார்கள். அவர் அதை எடுத்துப் போய்த் தன் இடத்திலேயே, கடைசியில், வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அண்ணாச்சி இப்போது இல்லை. அவர் மகன் நடத்துகிறார். நிறுவனத்தின் பெயரைக் கெடுக்கும் பொய்யை நான் பரப்புவதாகவும், பதினைந்து நாளுக்குள் சொன்னதை எழுத்தில் திரும்பப் பெறாவிட்டால் வழக்குப் போடுவதாகவும் இருந்தது. கையெழுத்துப் போட இடம் விட்டு ஒரு தனித்தாளும் இணைத்திருந்தார்கள்.

“போட்டுடுங்கப்பா. சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லியாச்சு. இந்த வயசுல கோர்ட் படி ஏறணுமா?” என்றான் என் மகன். அவன் சொன்னது நியாயமாகக்கூட இருந்தது. இரண்டு நாள் அந்தத் தாள் மேசைமேல் கிடந்தது. நான் பேனாவை எடுக்கவில்லை. தாளைக் கிழிக்கவும் இல்லை. இதையும் சொல்லிவிட வேண்டும்.

செய்தி அக்காவுக்கு எப்படியோ போய்விட்டது. ராயபுரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு ஒருநாள் காலையில் வந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

“பட்ச்சுக் காட்டுங்க சார்.”

நோட்டீஸையும் தாளையும் முழுக்கப் படித்துக் காட்டினேன்.

“போடுவீங்களா?”

“மாட்டேம்மா.”

“எனுக்கு பயமா கீது சார்.” அவர் என் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இப்பதான் ரெண்டு பேரு என்னாண்ட பேசுறாங்க. மேல் மாடிக்காரி அவ பொண்ணுக்கு மஞ்சக்கயிறு மாத்துற விசேஷத்துக்குக் கூப்ட்டா. நீங்க இதுல போட்டீங்கன்னா, நா காசு குடுத்து உங்கள இஸ்துனு வந்து பொய் சொல்ல வெச்சேன்னுதான் பேசுவாங்க. முன்ன இருந்தத விடக் கேவலமாப் பூடும்.”

“போட மாட்டேன். நம்புங்க.”

“அன்னிக்கும் நீங்க நல்ல மனுஷராத்தான் சார் இருந்தீங்க.”

தாளை எடுத்து அவரிடமே கொடுத்தேன். நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

பதினைந்து நாள் முடிந்தது. வழக்குப் போட்டுவிட்டார்கள். முதல் வாய்தா வரும் செவ்வாய்க்கிழமை. என் பழைய கையெழுத்தையும் புதிய கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் எது பொய் என்று கேட்பார்கள் என்கிறார் என் வக்கீல். இரவில் தூக்கம் வரவில்லை. யாரும் கேட்காமலே நான்கு வரியில் மடங்கிப்போன ஆள் நான் என்பது எனக்குத் தெரியும். நேற்று அக்காவுக்குப் போன் செய்து தேதியைச் சொன்னேன். நீங்கள் வரவேண்டிய அவசியமில்லை, உங்கள் பெயர் வழக்கில் இல்லை என்றும் சொன்னேன்.

“எத்தினி மணிக்கு சார்?”

“பத்தரைக்கு.”

“நா பத்துக்கே வந்து நிப்பேன். நீங்க மாத்தி சொல்றீங்களான்னு நா பாக்கணும்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.